கப்பலில் வரும் விலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைத்தான் சுற்றி வருகின்றன. "வெளிநாட்டுல ஏறிருச்சு, நாங்க என்ன செய்ய?" என்று கடைக்காரர் சொன்னால் நம்புவதா, கூடாதா? சில சமயம் அது முழு உண்மை. சில சமயம் பழைய சரக்கைப் புது விலைக்குத் தள்ளும் தந்திரம். எது எப்போது என்று பெட்டியிலும் பில்லிலும் இருக்கும் சின்ன எழுத்துகளை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட இரண்டு கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். ஒருவர் அரசு மானியம் உண்டு என்கிறார், விலை அதிகம். இன்னொருவர் மானியம் இல்லை, ஆனால் மொத்த விலையே குறைவு என்கிறார். இரண்டு பேனலிலும் 'மேட் இன் இந்தியா' என்றுதான் இருக்கிறது. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? (திருநகர் வாசகர்)

பேனலுக்குள் இருக்கும் செல் எங்கே செய்யப்பட்டது என்பதில்தான் வித்தியாசம். சிலிக்கானைச் சுத்திகரித்து, கட்டியாக வார்த்து, மெல்லிய வில்லைகளாக அறுத்து, அதைச் செல்லாக்கி, செல்களை வரிசையாக இணைத்துக் கண்ணாடிக்குள் அடைத்தால் பேனல். இந்த ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருப்பதாகச் சர்வதேச எரிசக்தி முகமை 2022இல் சொன்னது. நம் நாட்டில் கடைசிக் கட்டமான பேனல் கோக்கும் தொழிற்சாலைகள் வேகமாக வந்துவிட்டன. செல் தயாரிப்பு அந்த வேகத்தில் வளரவில்லை. அதனால் சீனச் செல்லை இறக்கி இங்கே கோத்த பேனலிலும் 'மேட் இன் இந்தியா' என்று அச்சிடுகிறார்கள். அது பொய்யும் அல்ல.

ஆனால் வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு பணம் தரும் பி.எம். சூர்யா கர் திட்ட மானியத்துக்கு அது போதாது. செல், பேனல் இரண்டுமே இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். தொழிலில் இதை 'டி.சி.ஆர். பேனல்' என்பார்கள். இது மற்றதைவிட விலை கூடுதல். மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. ஆகவே டி.சி.ஆர். கொட்டேஷனில் 78,000ஐக் கழித்துவிட்டு மற்றதோடு ஒப்பிடுங்கள். வீட்டு இணைப்புக்கு அநேகமாக டி.சி.ஆர்.தான் மலிவாக நிற்கும். கொட்டேஷன் தேதியையும் பாருங்கள்: சோலார் சாதனங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய கணக்கையே நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மானியப் பணம் வேலை முடிந்து, ஈ.பி. ஆய்வு செய்து, இருவழி மீட்டர் பொருத்திய பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். "மானியத்தைக் கழித்து மிச்சத்தை மட்டும் கொடுங்கள், அதை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்பவரிடம் நிதானமாகப் பேசுங்கள். ஈ.பி. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம் போக வேண்டும். இறந்துபோன அப்பா பெயரிலேயே இணைப்பு இருந்தால் முதலில் பெயர் மாற்றம். பல வீடுகளில் வேலை நிற்பது இந்த இடத்தில்தான்.

கொட்டேஷனில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: பேனல் எத்தனை வாட், எத்தனை (550 வாட் என்றால் ஆறு போதும்), ஒவ்வொன்றின் சீரியல் எண், டி.சி.ஆர். சான்று, இன்வெர்ட்டருக்கு எத்தனை வருட வாரண்டி, எர்த் குழி எத்தனை. டி.சி. பக்கம், ஏ.சி. பக்கம், இடிதாங்கி என மூன்றுக்கும் தனித்தனி எர்த் வேண்டும். ஒரே குழியில் மூன்றையும் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. முதல் இடிக்கு இன்வெர்ட்டர் போய்விடும். ஸ்டாண்டு தெற்கு நோக்கிச் சுமார் 10 டிகிரி சாய்வில் இருந்தால் மதுரைக்குப் போதும். இடம் சுமார் 300 சதுர அடி, தண்ணீர்த் தொட்டி நிழல் விழாமல்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: ஈ.பி. கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமலிருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மின்தடைக்காக என்றால் பேட்டரி வைத்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு தனி.

பேனலைக் காலையில் வெயில் ஏறும் முன் கழுவுங்கள். சித்திரை வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். உப்பான போர் தண்ணீர் வெள்ளைப் படலம் கட்டும். அது ஏறினால் உற்பத்தி இறங்கும்.

1 கிலோவாட் ஒரு நாளைக்கு ஆண்டுச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் இரண்டு மாதத்துக்குச் சுமார் 720. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடு என்றால் அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த அடுக்குகளும் மலிவு. போட்ட பணம் திரும்ப நாளாகும். ஏ.சி. ஓடும், 500ஐத் தாண்டும் வீட்டுக்குத்தான் இது நல்ல கணக்கு.

கேள்வி: சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறும்போது 'உக்ரைன் சண்டை' என்கிறார்கள். சரி. நம் ஊரில் விளையும் எள்ளில் ஆட்டும் நல்லெண்ணெய் மட்டும் எப்படி ஒரு கடையில் லிட்டர் 220, இன்னொரு கடையில் 400? (உசிலம்பட்டி வாசகி)

முதலில் சூரியகாந்தி. நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. சூரியகாந்தி பெரும்பாலும் ரஷ்யா, உக்ரைன் பக்கமிருந்து. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் விலை ஏறியது. அதே ஆண்டு ஏப்ரல் 28இல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி மே 23இல்தான் திறந்துவிட்டது. 2024 செப்டம்பரில் நம் அரசே சுத்திகரிக்காத சமையல் எண்ணெய் வகைகளுக்கான இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5க்கு ஏற்றியது, 2025 மே கடைசியில் 16.5க்கு இறக்கியது. ஆக, ஏறுவது நிஜம். ஆனால் ஏற்கெனவே பாக்கெட் போட்டு எம்.ஆர்.பி. அச்சிட்ட சரக்கை அதற்கு மேல் விற்கக் கூடாது, பழைய எம்.ஆர்.பி. மேல் ஸ்டிக்கர் ஒட்டி ஏற்றவும் கூடாது. பேக்கிங் தேதியைப் பார்த்தாலே எது பழைய சரக்கு என்று தெரிந்துவிடும். அப்படி விற்றால் பில்லோடு தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள். எடையளவுச் சட்டத்தை நம் மாநிலத்தில் அமல்படுத்துவது அவர்கள்தான்.

இனி நல்லெண்ணெய். இதற்கு உக்ரைனும் வேண்டாம், லேபும் வேண்டாம், எள் விலை தெரிந்தால் போதும். செக்கில் எள்ளின் எடையில் 40 முதல் 45 சதவீதம் எண்ணெய் இறங்கும். ஒரு லிட்டர் சுமார் 920 கிராம். ஆகவே லிட்டருக்கு ஏறக்குறைய 2.2 கிலோ எள். எள் கிலோ 150 என்று வையுங்கள்: 330 ரூபாய். புண்ணாக்கு ஒன்றேகால் கிலோ விற்று 50 ரூபாய் வந்தாலும் 280. அதற்கு மேல் கருப்பட்டி, ஆட்டுக்கூலி, பாட்டில், கடைக்காரர் லாபம். 220க்கு எங்கிருந்து வரும்? கீழமாசி வீதி மொத்தக் கடையில் அன்றைய எள் விலையைக் கேட்டு நீங்களே இந்தக் கணக்கைப் போடலாம்.

மலிவான பாட்டிலில் என்ன இருக்கும்? திருப்பிப் பாருங்கள். 'கலப்பு சமையல் எண்ணெய்' என்று இருந்தால் அது சட்டப்படியான சரக்கு. எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும், எதுவும் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, உதிரியாக அளந்து விற்கக் கூடாது. 'தீப எண்ணெய்' என்று இருந்தால் விளக்குக்கு மட்டும். பக்கத்து அடுக்கில் ஒரே நிறப் பாட்டிலில் வைத்திருப்பார்கள், கண் ஏமாறும். இரண்டும் இல்லாமல் வெறும் 'நல்லெண்ணெய்' என்று போட்டு, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லாவிட்டால் தொட வேண்டாம்.

ஃபிரிட்ஜில் ஒரு இரவு வைத்தால் பாமாயில் கலந்தது கலங்கும், அடியில் உறையும். சுத்தமான நல்லெண்ணெய் ஓடும் நிலையிலேயே இருக்கும். ஆனால் சூரியகாந்தி கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கேட்கலாம்.

கேள்வி: ஒரு லிட்டர் பாக்கெட் கைக்கு இலேசாகத் தெரிகிறதே? (பழங்காநத்தம் வாசகி)

லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் என்றால் எடை சுமார் 910 கிராம் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கியது 850 மில்லியாகக்கூட இருக்கலாம். குறிப்பிட்ட அளவுகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. பார்க்க வேண்டியது ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் அலகு விலையை.

கேள்வி: டவுன்ஹால் ரோடு பக்கம் 'யு.எஸ். பீஸ்' என்று ஐபோன் பத்து, பதினைந்தாயிரம் குறைவாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (செல்லூர் வாசகர்)

விலை குறைவதற்கு முதல் காரணம் வரி. இறக்குமதி போனுக்கு 15 சதவீத அடிப்படைச் சுங்க வரி (2024 ஜூலைக்கு முன் 20), அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பையில் போட்டு வந்த போன் இதில் எதையும் கட்டியிருக்காது. பில் கேட்டால் வெள்ளைத்தாள் நீட்டுவார்கள். அங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது.

மீதிப் பாதி போனுக்குள். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14 முதல் வந்த மாடல்களில் சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும். போன் கெட்டால் சிம்மைக் கழற்றி அம்மாவின் பட்டன் போனில் போட முடியாது. ஜப்பான் பீஸில் கேமரா 'கிளிக்' சத்தத்தை நிறுத்த முடியாமல் போகலாம்; கல்யாண மண்டபத்தில் பரவாயில்லை, கோயிலுக்குள் சங்கடம். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். கடைக்காரர் வாயால் சொல்வதை விடுங்கள், சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு அங்கேயே பாருங்கள்.

வாங்கியே தீருவேன் என்றால் பணம் கொடுக்கும் முன் *#06# அழுத்துங்கள். வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் (போனின் அடையாள எண்) பெட்டியில் உள்ளதும் பில்லில் எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். 'பிளாக்லிஸ்ட்', 'டூப்ளிகேட்' என்று வந்தால் இறங்கி நடந்துவிடுங்கள். அது திருட்டுப் போனாக இருந்து போலீஸ் தேடி வந்தால் போனும் போகும், பணமும் போகும்.

பவர்பேங்க், சார்ஜருக்கும் ஒரு வார்த்தை. பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் சாதனத்தின் மேலேயே இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் பொருளும் வரும். எல்.இ.டி. பல்புக்கான எண்ணைப் பவர்பேங்கில் அச்சிட்டிருப்பது அப்போது வெளிப்படும்.

கேள்வி: தெற்காவணி மூல வீதியில் ஒவ்வொரு நகைக்கடையும் ஒரே 'இன்றைய விலை' போர்டு வைக்கிறது. ஆனால் அதே எட்டு கிராம் சங்கிலிக்குக் கடைக்குக் கடை ஆயிரக்கணக்கில் வித்தியாசம். (மேலூர் வாசகி)

போர்டு விலை உலகச் சந்தையை ஒட்டியது. லண்டனில் ஒரு அவுன்ஸுக்கு, அதாவது 31.1 கிராமுக்கு, டாலரில் என்ன விலையோ அதை ரூபாயாக்கி, இறக்குமதி வரி சேர்த்தால் கிட்டத்தட்ட அதுதான். 2024 ஜூலையில் இந்த வரி 15லிருந்து 6 சதவீதமானபோது விலை ஒரே நாளில் இறங்கியதை நினைவு வைத்திருப்பீர்கள். இதில் கடைக்காரர் கையில் ஒன்றும் இல்லை.

அவர் கையில் இருப்பது சேதாரம். 12 சதவீதம் என்றால் ஒரு பவுனுக்கு 0.96 கிராம் தங்கத்தின் விலை, 18 என்றால் 1.44 கிராம். அரை கிராம் வித்தியாசம் பேச்சிலேயே போகிறது. எனவே போர்டு விலையில் தள்ளுபடி கேட்காதீர்கள், சேதாரத்தில் கேளுங்கள். மெஷின் சங்கிலிக்கு அதிகச் சேதாரம் கேட்க நியாயமில்லை. கல் வைத்ததென்றால் கல் எடையைக் கழித்த நிகர எடையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். விற்கப் போகும்போது கல்லுக்குக் காசு கிடைக்காது. பி.ஐ.எஸ். முக்கோணம், 22கே916, ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யூ.ஐ.டி. மூன்றும் நகையில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இது இல்லாமல் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு விலக்கு உண்டு. எண்ணைப் பி.ஐ.எஸ். கேரில் போட்டு, செயலி சொல்லும் நகை வகையும் கையில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மிக்சி பதினைந்தே நாளில் கருகிவிட்டது. விற்பனையாளர் வடநாட்டில், பொருள் சீனாவில் செய்தது. மதுரையில் இருந்துகொண்டு யாரைப் பிடிப்பது? (வாடிப்பட்டி வாசகர்)

பெட்டியை எறிந்துவிடவில்லையே? அதில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, மாதம்-வருடம், எம்.ஆர்.பி., புகார் எண் இருக்க வேண்டும். சீனாவைத் துரத்த வேண்டியதில்லை, இந்த இறக்குமதியாளரே பொறுப்பு. முதலில் அவருக்கும் ஆன்லைன் நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் புகார் எழுதுங்கள், போனில் மட்டும் பேசாதீர்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலான பணத் திரும்பல்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், விற்றவர் எந்த மாநிலமானாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கெடு இரண்டு வருடம். பில், பணம் போன விவரம், பெட்டியின் நான்கு பக்கப் படம், அனுப்பிய மின்னஞ்சல், கருகிய மோட்டார் இவற்றைப் பத்திரமாக வையுங்கள். உள்ளூர் மெக்கானிக்கிடம் அதைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். பிரித்த பொருளுக்கு வாரண்டி இல்லை என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும்.