அஞ்சு மேப்புக்கு முழு விலையா?

கேள்வி: புதிதாக வந்த ஒரு மல்டிபிளேயர் ஷூட்டருக்கு (பலர் சேர்ந்து சுட்டு விளையாடும் வீடியோ கேமுக்கு) ஒரு விமர்சகர் பத்துக்கு ஒன்பது போடுகிறார், இன்னொருவர் ஐந்தோடு நிறுத்திவிட்டார். 'உள்ளே சரக்கே இல்லை' என்று நண்பர்களுக்குள்ளும் ஒரே சண்டை. யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் சுட்டுப் பார்த்து மார்க் போடுகிறார், இன்னொருவர் மேப்பை, அதாவது சண்டை நடக்கும் களங்களை, எண்ணி மார்க் போடுகிறார், அவ்வளவுதான். 2015 மே மாதம், மை பீய்ச்சிச் சண்டை போடும் ஸ்ப்ளாட்டூன் என்ற கேம் வந்தபோது ஆன்லைனில் மொத்தமே ஐந்து மேப்தான், அதிலும் நான்கு மணி நேரத்துக்கு இரண்டு மட்டுமே மாறி மாறி வரும். ஆனால் சுவரில் மை அடித்து, கணவாயாக மாறி அதற்குள் முங்கி ஏறி, எதிரியின் முதுகுக்குப் பின்னால் எழும் அந்த ஒரு நொடி இருக்கிறதே, அலுக்கவே அலுக்காது! பிறகு இலவச அப்டேட்டிலேயே மேப்கள் சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற ஷூட்டரும் கதையே இல்லை என்று திட்டு வாங்கித்தான் வளர்ந்தது. எல்லாருக்கும் அந்த யோகம் கிடையாது, எவால்வ் என்ற ஷூட்டர் 2018-லேயே சர்வரை மூடியது. அதனால் 'பின்னால் வரும்' என்ற வாக்குறுதிக்காகக் காசு கொடுக்காதீர்கள். இன்று இருப்பதே போதும் என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் காசில்லாமல் ஆடிப் பார்க்க விடும் இலவச வார இறுதி வரும்வரை பொறுங்கள். அப்புறம், விமர்சனம் எழுதிய தேதியையும் பாருங்கள், அதற்குப் பிறகு அப்டேட்டில் கேம் மாறியிருக்கலாம்.