தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் உறவைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணி எடுக்க முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: சித்தியின் மகன் 1990இல் இலங்கையிலிருந்து படகேறி மண்டபம் அகதி முகாமுக்குப் போனவர். இன்றும் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு திருச்சிப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறார். தான் கனடியக் குடியுரிமையோடு ரொறன்ரோவில் இருப்பதால், அவரை ஸ்பொன்சர் பண்ணி எடுக்கலாமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் ஆட்கள் ஸ்பொன்சர் என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்குப் பாவிக்கிறோம். கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோரை எடுப்பது குடும்ப ஸ்பொன்சர். அதில் சித்தியின் மகனுக்கு இடமில்லை. உங்களுக்கென்று நெருங்கிய உறவு எவருமே இல்லையென்றால் ஒரு உறவினரை எடுக்கலாம் என்று சின்ன விதிவிலக்கு இருக்கிறது, அது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தாது. நீங்கள் கேட்பது அகதி ஸ்பொன்சர். அதில் உறவு கணக்கில்லை. அவர் அகதியா, அவருக்கு வேறு போக்கிடம் இருக்கிறதா என்பதைத்தான் சட்டம் பார்க்கும்.

மீள்குடியேற்றம் என்ற சொல்லும் எங்களைக் குழப்பும். எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் வன்னி முகாமிலிருந்து சொந்தக் காணிக்குத் திரும்பிப் போவதுதான் ஞாபகம் வரும். அகதிச் சட்டத்தில் அதன் பொருள் வேறு. தன் நாட்டை விட்டு ஓடி இரண்டாவது நாட்டில் ஒதுங்கியிருப்பவரை மூன்றாவது நாடு ஒன்று நிரந்தரமாக ஏற்றுக்கொள்வது அது. அப்படி ஏற்க வேண்டும் என்று 1951 அகதிகள் உடன்படிக்கை எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாதே என்று 33ஆவது உறுப்புரை சொல்கிறது, அவ்வளவுதான். விமானம் ஏற்றிக் கூட்டிவருவது அந்தந்த நாடு தானாக விரும்பிச் செய்வது. அதனால்தான் உலக அகதிகளில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அது கிடைப்பதில்லை.

கனடா இதைச் சட்டமாகவே எழுதிவைத்தது. 1976இன் குடிவரவுச் சட்டம் 1978இல் நடைமுறைக்கு வந்தபோது, சாதாரண மக்கள் சேர்ந்து ஒரு அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்கலாம் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. அடுத்த ஆண்டே வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மக்களுக்காக அது பயன்பட்டது. 1979–80இல் வந்த 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களைத் தேவாலயங்களும் அயலவர் குழுக்களும்தான் கூப்பிட்டன. 1986இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சன் பதக்கம் கனடிய மக்கள் அனைவருக்குமாகக் கொடுக்கப்பட்டது. அதே 1986 ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தபோது மீனவர்கள் காப்பாற்றினார்கள். இங்கே இருக்கிற எங்களில் அநேகர் அந்தப் படகு ஆட்களைப் போல வந்து சேர்ந்த பிறகு அகதிக் கோரிக்கை வைத்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். அதனால் வெளிநாட்டில் இருக்கும்போதே தெரிந்தெடுக்கப்படும் இந்த மற்ற வழி எங்கள் ஆட்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை.

இப்போதைய சட்டம் 2002 ஜூன் 28இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம். அதன் 99ஆவது பிரிவு இரண்டு வழிகளையும் பிரிக்கிறது. கனடாவுக்குள் நின்று கேட்பது ஒன்று, வெளியே நின்று விசாவுக்கு விண்ணப்பிப்பது மற்றது. வெளியே நிற்பவருக்கான நிபந்தனைகள் விதிமுறைகளின் 139ஆவது பிரிவிலிருந்து தொடங்குகின்றன. உடன்படிக்கை சொல்லும் அகதியாக இருக்கலாம். அல்லது உள்நாட்டுப் போர், ஆயுத மோதல், பெருமளவு மனித உரிமை மீறல் இவற்றால் தனிப்பட்ட முறையில் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, இன்றும் பாதிக்கப்பட்டுக்கொண்டிருப்பவராக இருக்கலாம். இரண்டிலும் சொந்த நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கனடாவைத் தவிர வேறெங்கும் நிலையான தீர்வு கிடைக்க நியாயமான வாய்ப்பு இருக்கக் கூடாது. இந்த நிலையான தீர்வு என்ற சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பியின் விஷயம் அதில்தான் வந்து நிற்கப்போகிறது.

பொறுப்பேற்பது யார்? அரசோடு ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றை எஸ்ஏஎச் (Sponsorship Agreement Holder) என்று சொல்வார்கள், அநேகமானவை மத அமைப்புகள். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள 18 வயதுக்கு மேற்பட்ட ஐந்து பேர் சேர்ந்து ஐவர் குழுவாகவும் செய்யலாம், ஊர்ச் சங்கம் போன்ற சமூக அமைப்பும் செய்யலாம். கடைசி இரண்டுக்கும் 2012 அக்டோபரிலிருந்து ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு. அகதி என்று ஐ.நா. ஆணையமோ அவர் தங்கியிருக்கும் நாடோ ஏற்றுக்கொண்ட கடிதம் விண்ணப்பத்தோடு இருக்க வேண்டும்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதை உலகமே பார்த்தது. 2015 செப்டெம்பரில் துருக்கிக் கரையில் ஒதுங்கிய குழந்தை ஆலன் குர்தியின் படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குழந்தையின் அத்தை கனடாவில் இருந்தார். அவர் முதலில் விண்ணப்பித்தது குழந்தையின் பெரியப்பா குடும்பத்துக்கு. அகதி அந்தஸ்துக் கடிதம் இல்லாததால் முழுமையற்ற விண்ணப்பம் என்று அது திரும்பி வந்தது. பெரியப்பாவின் வழி அடைபட்ட பிறகுதான் குழந்தையின் தகப்பன் கடலை நம்பினார். அந்த மாதமே சிரியா, ஈராக் அகதிகளுக்கு மட்டும் கடித நிபந்தனையைத் தற்காலிகமாக நீக்கினார்கள்.

நாங்கள் ஐந்து பேர் அந்த இடைவெளியில்தான் ஒரு சிரியக் குடும்பத்தைப் பொறுப்பேற்றோம். ஸ்காபரோவில் ஒரே கட்டடத்தில் வேலை செய்தவர்கள் நாங்கள், மூன்று தமிழர், ஒரு பிலிப்பினோ அக்கா, ஒரு ஜமேக்கா நாட்டவர். கையெழுத்துப் போடும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. குடும்பம் வந்திறங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்கு வாடகை, சாப்பாடு, உடுப்பு எல்லாம் எங்கள் தலையில். அதற்கு முன்பே சொந்தக் காலில் நின்றுவிட்டால் அன்றோடு முடியும். அரசு தான் கூட்டிவரும் அகதிகளுக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்கு நாங்கள் கொடுப்பது குறையக் கூடாது. அகதியிடமிருந்து முற்பணம் வாங்கவே கூடாது. எங்கள் சமூகத்தில் காசை வாங்கிக்கொண்டு ஸ்பொன்சர் செய்து தருவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். யாராவது காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். அகதி இங்கே இறங்கும்போதே நிரந்தர வதிவிடத்தோடு இறங்குகிறார். எங்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகாவிட்டாலும் அது பறிபோகாது. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் அது.

எனக்கு இன்றும் நெஞ்சை அடைக்கிற விஷயம் வேறு. அவர்களுடைய மூத்த மகள், அப்போது 17 வயது, லெபனானில் பாட்டியோடு இருந்தாள். அவர்கள் ஜோர்தானில் இருந்தார்கள். பெயர் கூடினால் தாமதமாகும் என்று அங்கே யாரோ சொல்ல, படிவத்தில் அவள் பெயரை விட்டுவிட்டார்கள். எங்களுக்கும் சொல்லவில்லை. வந்து மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் தாய் அழுதபோதுதான் தெரிந்தது. கூட வராத மனைவி, பிள்ளைகளை ஒரு வருடத்துக்குள் பின்னால் எடுக்க விதிமுறைகளின் 141ஆவது பிரிவில் வழி உண்டு, ஆனால் புறப்படும் முன்பே அவர்கள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அதே விதிமுறைகளின் 117(9)(ஈ) குறுக்கே வரும்: அப்போது குடிவரவு அதிகாரியால் விசாரிக்கப்படாத பிள்ளை பிறகு குடும்ப ஸ்பொன்சரிலும் பிள்ளையாகக் கணக்கில் வராது. 2019 செப்டெம்பரில் இப்படிப்பட்டவர்களுக்காக அரசு ஒரு தற்காலிகத் தளர்வு கொண்டுவந்தது. அதன் கீழ் விண்ணப்பித்துத்தான் 2022இல் அவள் வந்து சேர்ந்தாள். ஒரு பெயரை எழுதாததற்கு ஆறு வருடம். ஆகவே படிவம் நிரப்பும்போது கூட வராத பிள்ளை, பிரிந்து வாழும் மனைவி, காணாமல் போனவர் எல்லோரையும் எழுதுங்கள்.

சரி, உங்கள் தம்பியின் விஷயத்துக்கு வருவோம். அவர் இலங்கைக்கு வெளியே இருக்கிறார், முதல் நிபந்தனை சரி. இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் அங்கே இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கையின் பெயரே கிடையாது. 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது நல்ல மனதோடு செய்த காரியம், ஆனால் பெயர் மாறியதால் சட்ட நிலை மாறவில்லை. இந்தியாவில் அவருக்கு நிலையான தீர்வு இல்லை என்று தைரியமாக எழுதலாம்.

கஷ்டம் மறுபக்கத்தில். இப்போது இலங்கைக்குத் திரும்பிப் போக உமக்கு என்ன தடை என்று அதிகாரி கேட்பார். போர் 2009இல் முடிந்தது. வடக்கிலிருந்து வந்த தமிழர் என்பதற்காகவே ஒருவரை அகதி என்று கொள்ளத் தேவையில்லை என்று ஐ.நா. ஆணையம் 2010 ஜூலை வழிகாட்டலில் சொல்லிவிட்டது. ஆகவே 1990இல் ஏன் ஓடினார் என்ற கதை மட்டும் போதாது. இன்று அவருக்கென்று தனியாக என்ன பயம் என்பதைக் காட்ட வேண்டும். குடும்பத்தில் யாராவது இயக்கத்தில் இருந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம், ஆனால் எழுதும் முன் நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். விடுதலைப் புலிகளைக் கனடா 2006இல் தடைப்பட்டியலில் சேர்த்தது. உறுப்பினராக இருந்தாலே சட்டத்தின் 34ஆவது பிரிவு கதவை மூடிவிடும். நோயும் வறுமையும் அப்படித் தடையாகாது. மருத்துவச் செலவு அதிகம், கையில் காசில்லை என்ற காரணங்களுக்காக இந்த வகை அகதிகளை நிராகரிக்க முடியாது.

நடைமுறையில் உங்களுக்கு இருக்கும் ஒரே வழி எஸ்ஏஎச்தான். ஐவர் குழு, சமூக அமைப்பு விண்ணப்பங்களை 2024 நவம்பர் 29இலிருந்து அரசு நிறுத்திவைத்தது. திறந்திருந்தாலும் அந்த அந்தஸ்துக் கடிதத்துக்கு முகாமிலிருந்து எங்கே போவது? எஸ்ஏஎச் வழியில் கடிதம் கட்டாயமில்லை, விசா அதிகாரியே நேர்முகத்தில் தீர்மானிப்பார். ஆனால் ஒவ்வொரு அமைப்புக்கும் ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இருக்கிறது, நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். நிராகரித்தால் மேல்முறையீடு கிடையாது. 60 நாட்களுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மீளாய்வுக்கு அனுமதி கேட்கலாம்.

எதையும் தொடங்கும் முன் தம்பியின் மனைவி எங்கே, எந்தத் திகதியில் பிறந்தார் என்று கேளுங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் இந்தியச் சட்டப்படி அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டுக் கொடுக்கச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அப்படியென்றால் அகதி விண்ணப்பத்தில் அவருடைய நிலை வேறாகிவிடும், பிள்ளைகளின் நிலையையும் வழக்கறிஞரோடு மறுபடி பார்க்க வேண்டி வரும். அவர்களுக்குக் கனடாவைவிடக் கிட்டத்தில் ஒரு வழி திறந்திருக்கவும் கூடும். பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு அட்டை, 1990இல் மண்டபத்தில் கொடுத்த துண்டு, எது இருந்தாலும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பழைய காகிதங்கள் மழையிலும் கறையானிலும் போய்விடும் முன் அதை வாங்கிவையுங்கள்.