வாசகரைத் தேடி வந்த படம்

கேள்வி: பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகுதான் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கல்கி என்ற பெயரையே கேள்விப்பட்டார்கள். எப்போதோ இறந்துபோன எழுத்தாளரை இன்றைக்கும் உயிரோடு வைத்திருப்பது சினிமாதானே? எங்கள் திருகோணமலை எழுத்தாளர்களையும் யாராவது படமாக எடுத்தால்தானே அவர்களுக்கும் விடிவு வரும்?
— ஓர் ஆசிரியை, உவர்மலை

பதில்: ரீச்சர், உங்கள் கேள்வியின் முற்பாதியில் உண்மை இருக்கிறது. பிற்பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊர் செய்யாமல் விட்ட வேலையை எங்கோ இருக்கிற ஒரு பட இயக்குநரின் தலையில் கட்டப் பார்க்கிறோம்.

2022 செப்டெம்பரில் முதற்படமும் 2023 ஏப்ரிலில் இரண்டாம் படமும் வந்தபோது நாவலைத் தேடி வாங்கியவர்கள் ஏராளம். அதை மறுக்கவில்லை. ஆனால் கல்கி காலமானது 1954 டிசெம்பரில். மணிரத்னத்தின் படம் வர 68 வருசம் சென்றது. அத்தனை வருசமும் அந்த நாவலைச் சுமந்து நடந்தது யார்? எம்.ஜி.ஆர். 1958இலேயே அதைப் படமாக்க உரிமை வாங்கினார், படம் கைகூடவில்லை. அவர் ஏன் வாங்கினார் என்று யோசித்துப் பாருங்கள். 1950 தொடக்கம் 1954 வரை கிழமைக்குக் கிழமை காத்திருந்து வாசித்த சனம் இருந்தபடியால்தான். அன்றைக்கும் இன்றைக்கும் படம்தான் வாசகரைத் தேடி வந்தது.

நான் பொன்னியின் செல்வனை வாசித்தது எங்கள் ஊர்க் கடலோர மீனவக் கிராமமான திருக்கடலூரில், என் பெரியம்மா வீட்டில். மண்ணிறக் கடுதாசி உறை போட்ட ஐந்து கட்டுகள். கல்கி இதழிலிருந்து பக்கங்களைக் கழற்றி, ஓவியர் மணியத்தின் படங்களோடு சேர்த்து, தடித்த நூலால் தைத்தவை. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது அந்த ஐந்தும் வீடு வீடாகப் போய் வந்தனவாம். எந்தப் பாகம் எந்த வீட்டில் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் பெரியம்மா எழுதி வைத்திருந்தார். 1990இல் போருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடித் திரும்பி வந்து பார்த்தால் நாலுதான் மிஞ்சியிருந்தன. மூன்றாம் பாகம், 'கொலை வாள்', போய்விட்டது. இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு நான் அழாத குறையாக நின்றபோது பெரியம்மா விளக்கடியில் இருத்தி அந்தப் பாகத்தை வாயால் சொன்னார். மூன்று இரவு சொன்னார். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் அருள்மொழிவர்மர் காய்ச்சலில் கிடந்த கட்டத்தை இன்றைக்கு அச்சில் வாசித்தாலும் எனக்கு அவருடைய குரல்தான் கேட்கிறது. கல்கியை உயிரோடு வைத்திருந்தவர்கள் யார் என்று கேட்டால், நான் முதலில் அந்தக் கொப்பியைத்தான் காட்டுவேன்.

மற்றவர்களும் உண்டு. கல்கி இதழே நாவலை மறுபடியும் மறுபடியும் தொடராக வெளியிட்டது. கல்கியின் நூற்றாண்டான 1999இல் தமிழ்நாடு அரசு அவரது எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. அதன்பின் எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம் என்றாகி, மலிவுப் பதிப்புகள் குவிந்தன. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் ஐந்து பாகங்களும் இலவசமாகக் கிடக்கின்றன. படம் பார்த்துவிட்டு ஆசையோடு எழும்பி வந்த பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் புத்தகம் இருந்தது. இந்த ஒரு காரியம் நடந்திராவிட்டால் அந்த ஆசை ஒரு கிழமையில் ஆறிப்போயிருக்கும்.

சினிமா தானாக எந்த எழுத்தாளரையும் காப்பாற்றியதில்லை. முள்ளும் மலரும் படத்தை உங்கள் வீட்டில் எல்லோரும் அறிவார்கள். அந்த நாவலை எழுதிய உமாசந்திரனை எத்தனை பேர் அறிவார்கள்? 2000இல் வந்த கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் படத்தின் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடுகிறவர்களிடம், அது ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட நாவலின் தழுவல் என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். ஆங்கிலத்தில் அதே அம்மையாரை ஒவ்வொரு தலைமுறையும் திரையில் காண்கிறது. படம் வருகிற நேரத்தில் அவருடைய நாவலும் புது அட்டையோடு கடையில் நிற்கிறது. அங்கே படத்துக்குப் பக்கத்தில் நூல் இருந்தது. எங்களிடம் படம் மட்டும் வந்தது.

கல்கிக்குச் சினிமா அந்நியமும் அல்ல. தியாகபூமி 1939இல் ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே படமும் தயாரானது. படத்தின் காட்சிகளையே கதைக்குப் படங்களாகப் போட்டார்கள். அந்தப் படத்தைப் பிரித்தானிய அரசு பிறகு தடைசெய்தது. மீரா படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' கல்கி எழுதியதுதான். கள்வனின் காதலி 1955இலும் பார்த்திபன் கனவு 1960இலும் படமாயின. பார்த்திபன் கனவை வாசிக்கிற உங்கள் மாணவர்களில் ஜெமினி கணேசன் நடித்த அந்தப் படத்தைப் பார்த்தவர் ஒருவராவது இருப்பாரா? படம் பின்னுக்குப் போய்விட்டது, நாவல் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். படம் எதையெல்லாம் விட்டதோ அதுதான் உங்களுக்குப் பிடிகொம்பு. சம்புவரையர் மகள் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. மதுராந்தகன் யார் என்ற பெரிய முடிச்சைப் படம் அவிழ்க்காமலே ஒதுக்கிவிட்டது. ஆகவே படம் பார்த்த பிள்ளைக்கும் கதையின் முடிவு தெரியாது. 'சுழற்காற்று' பாகத்தின் பெரும்பகுதி எங்கள் தீவில் நடக்கிறது. கொழும்பு பஸ்ஸில் ஹபரணை தாண்டித் தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு இறங்குகிற எங்கள் பிள்ளைகளுக்கு, வந்தியத்தேவன் இளவரசரைத் தேடி அந்தப் பக்கம்தான் வந்தான் என்று யாராவது சொல்லியிருக்கிறோமா? பூங்குழலி தனியே தோணி வலித்துக் கடல் தாண்டுகிற பக்கங்களைத் திருக்கடலூர்ப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அந்தப் பிள்ளை உங்களுக்குப் பாடம் எடுக்கும்.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். கல்கி பிறப்பதற்கு நாலு வருசம் முன்னரே, 1895இல், திருகோணமலைக்காரரான தி.த. சரவணமுத்துப்பிள்ளை மோகனாங்கி என்ற நாவலைச் சென்னையில் வெளியிட்டார். நாயக்கர் காலத்துத் தஞ்சையும் திருச்சியும்தான் களம். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இலக்கிய வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். பெண் விடுதலை பேசிய 'தத்தை விடு தூது' பாடியவரும் அவரே. அதற்கும் முன்னால், 1891இல், ஊசோன் பாலந்தை கதை என்ற நாவலை எழுதிய இன்னாசித்தம்பியும் இந்த ஊரவர். மூதூரில் வ.அ. இராசரத்தினம் இருந்தார்; 'தோணி' என்ற ஒரு சிறுகதை போதும், அவர் எப்பேர்ப்பட்ட கை என்று தெரியும். வரலாற்று நாவல் என்ற பாதையில் கல்கிக்கு முன் நடந்தவர் எங்கள் ஊர்க்காரர், ரீச்சர். அதை உங்கள் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் ஒரு மதிப்பெண் வினாவாகப் படித்து மறந்துவிடுகிறார்கள்.

நாளைக்கே யாராவது மோகனாங்கியைப் பெரும் செலவில் படமாக எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படம் பார்த்துவிட்டு உங்கள் மேசைக்கு முன்னால் ஒரு பிள்ளை வந்து, "ரீச்சர், அந்தப் புத்தகம் தாங்கோ" என்று கேட்கும். எதைக் கொடுப்பீர்கள்? உங்கள் பள்ளிக்கூட வாசிகசாலையில் ஒரு பிரதி இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். இல்லை என்றால் பழைய மாணவர் சங்கத்திடம் கேளுங்கள். பரிசளிப்பு விழாவில் கிண்ணமும் கேடயமும் கொடுக்கிற காசில் பத்துப் பிரதி வாங்கலாம். கிடைக்காத நூலென்றால், கிடைக்கிற ஒரு பிரதியிலிருந்து சில அத்தியாயங்களைப் போட்டோக்கொப்பி எடுத்து வகுப்பில் உரக்க வாசியுங்கள். 1895இல் வந்த நூலுக்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

கல்கிக்கு நான் உதவ முடியும். படம் பார்த்த பிள்ளைகளில் எது "மணிமேகலை யார்?" என்று கேட்கிறதோ, அந்தப் பிள்ளையை எங்கள் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். ஐந்து பாகமும் என்னிடம் இருக்கின்றன, ஒவ்வொன்றாகத் தருகிறேன். பெயரும் திகதியும் எழுதக் கொப்பி வைத்திருக்கிறேன். மூன்றாம் பாகத்தை மட்டும் கவனமாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.