நின்றுபோன ஹேர் டிரையரில் பேட்டரி ப்ளோயர்

கேள்வி: என் ஹேர் டிரையர் திடீரென்று நின்றுவிட்டது. சூடும் வரவில்லை, காற்றும் வரவில்லை. கீபோர்டு, கம்ப்யூட்டர் பெட்டி இடுக்குகளில் தூசி ஊத, பேட்டரியில் ஓடும் கையடக்க ப்ளோயராக இதை மாற்றலாமா? மோட்டாரே போயிருக்குமோ?

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மோட்டார் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலான ஹேர் டிரையர்களில் இருப்பது 12 முதல் 24 வோல்ட் அளவில் ஓடும் சின்ன டிசி மோட்டார்தான், அதாவது பேட்டரி தரும் வகை மின்சாரத்தில் ஓடுவது. வீட்டு மின்சாரத்தை அதற்குக் குறைத்துக் கொடுப்பது ஹீட்டர் காயிலின் ஒரு பகுதி. அது அறுந்தால் சூட்டோடு காற்றும் நின்றுவிடும், உங்களுடையதில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

முதல் வேலை, பிளக்கோடு இருக்கும் ஒயரை முழுவதுமாகக் கழற்றி எடுத்துவிடுவது. பேட்டரி போட்ட பொருளில் அந்தப் பிளக் தொங்கிக்கொண்டிருந்தால் என்றாவது யாராவது சாக்கெட்டில் செருகிவிடுவார்கள். அப்புறம் ஹீட்டர் காயிலை மைக்கா தகட்டோடு வெளியே எடுங்கள், அடைப்பு போவதால் காற்றும் தாராளமாக வரும். ரொம்பப் பழைய டிரையர் என்றால் மட்டும் திறக்கவே வேண்டாம், உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

மோட்டாரின் பின்பக்கம் பாருங்கள், வீட்டு ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் நாலு டையோடு சாலிடர் செய்திருப்பார்கள். அதன் வழியாகவே பேட்டரியை இணைத்தாலும் ஓடும், ஆனால் சுமார் 1.4 வோல்ட் அங்கேயே வீணாகும். பேட்டரியில் ஓடும்போது அது பெரிய இழப்பு, அதனால் டையோடுகளை எடுத்துவிட்டு மோட்டார் முனைகளில் நேராக இணைப்பதே நல்லது. பிளஸ் மைனஸ் மாறினால் விசிறி தலைகீழாகச் சுற்றிக் காற்றை உள்ளே இழுக்கும், ஒயரை மாற்றிக் கொடுத்தால் சரி. திறந்ததும் கனமான இரும்புத் தகடு அடுக்கிய ஏசி மோட்டார் தெரிந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது.

18650 என்ற அளவுள்ள உருளை லித்தியம் செல் மூன்றைத் தொடராக (ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு) இணைத்தால் 11.1 வோல்ட், முழு சார்ஜில் 12.6. இந்த இடத்தில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். மூன்றும் ஒரே வகை, ஒரே வயதுள்ள செல்களாக இருக்கட்டும். மூன்று செல்லுக்கான பிஎம்எஸ் போர்டு (செல்களைப் பாதுகாக்கும் சர்க்யூட்), பேட்டரியின் பிளஸ் ஒயரில் ஒரு ஃபியூஸ், 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜர், மூன்றும் கட்டாயம். செல்லில் நேராக சாலிடர் வைத்தால் சூட்டில் அது உள்ளே கெட்டுப்போகும், நிக்கல் பட்டை ஒட்டி வரும் செல்களாகவே வாங்குங்கள். 2.5 ஆம்பியர்-அவர் செல்கள் என்றால் கையில் இருப்பது சுமார் 28 வாட்-அவர். மோட்டார் 20 வாட் இழுத்தால்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். முதல் தடவை ஐந்து நிமிடம் ஓட்டி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் அதற்கு இந்த வோல்ட் அதிகம்.

வாய்க் குழாயை ரொம்பக் குறுக்காதீர்கள். இந்த விசிறிக்கு அழுத்தம் குறைவு, காற்று பின்பக்கமே திரும்பிவிடும். கம்ப்யூட்டருக்குள் ஊதும்போது அதன் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

கேள்வி: இதே முறையில் சூடான காற்றும் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. சாதாரண ஹீட்டரே 1200 வாட் கேட்கும், 12 வோல்ட்டில் அது 100 ஆம்பியர். மேலே சொன்ன மூன்று செல்லால் அதைத் தரவே முடியாது.