மெதுவாகத்தான் வாசிப்பேன், போகலாமா?

கேள்வி: எட்டு மாதமாக வீட்டில் தனியாகவே கான்சர்டினா பழகுகிறேன் (இரு கைகளிலும் பிடித்து, நடுவில் உள்ள துருத்தியை விரித்துச் சுருக்கி, பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் சிறு கருவி). என்னிடம் இருப்பது 20 பொத்தான் ஆங்கிலோ வகை, சி/ஜி; அதாவது ஒரு வரிசைப் பொத்தான்கள் சி மேஜர் சுரங்களுக்கு, மற்றது ஜி மேஜருக்கு. ஐந்து மெட்டுகள் தெரியும், அதுவும் மெதுவாகத்தான். கான்சர்டினா வாசிப்பவர்கள் வார இறுதியில் இரண்டு நாள் கூடுகிறார்கள், நீயும் வா என்று நண்பர் கூப்பிடுகிறார். எல்லோர் முன்னாலும் திணறுவேனோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் பழகிவிட்டுப் போகட்டுமா?

பதில்: வேண்டாம், இந்த முறையே போங்கள். தனியாகப் பழகும்போது விரல் வேகம் கூடும், ஆனால் துருத்தியைக் கையாளும் விதத்தில் ஏதாவது தவறு இருந்தால் அதுவும் சேர்ந்து இறுகிவிடும். ஆங்கிலோவில் இது பெரிய விஷயம். ஒரே பொத்தானில் அழுத்தும்போது ஒரு சுரம், இழுக்கும்போது இன்னொரு சுரம். அதனால் மெட்டின் நடுவில் துருத்தி முழுக்க விரிந்துபோய், அடுத்த சுரத்துக்கு இழுக்க இடமில்லாமல் மாட்டிக்கொள்வோம். உங்களுக்கும் நடந்திருக்கும். பழகியவர்கள் வலது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் காற்றுப் பொத்தானை, சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே லேசாகத் தொட்டுச் சரிசெய்துவிடுவார்கள். காதால் கேட்டு இதைக் கண்டுபிடிப்பது கடினம். எதிரில் உட்கார்ந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரியும்.

ஆனால் யார் எதிரில் உட்காருகிறீர்கள் என்பதைப் பாருங்கள். கான்சர்டினா என்ற ஒரே பெயரில் அங்கே மூன்று வேறு கருவிகள் வரும். 1834-இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் உலிக் உருவாக்கிய கருவியின் வழியில் வந்தது உங்களுடையது. லண்டனில் சார்லஸ் வீட்ஸ்டன் உருவாக்கிய இங்கிலீஷ் வகையில் அழுத்தினாலும் இழுத்தாலும் ஒரே சுரம்தான். சுர வரிசை இடது கை, வலது கை என்று மாறி மாறி ஏறும். டூயட் வகையிலும் இரு திசையிலும் ஒரே சுரம், ஆனால் தாழ்ந்தவை இடது கையில், உயர்ந்தவை வலது கையில். இந்த இரண்டு வகையும் வாசிப்பவர்களின் விரலைப் பார்த்து நீங்கள் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். "உங்களுடையது ஆங்கிலோவா?" என்று கேட்டுவிட்டே பக்கத்தில் உட்காருங்கள். தன் கருவியைப் பற்றி யாராவது கேட்டால் மகிழ்ச்சியோடு பேசுவார்கள்.

இன்னொன்று, உங்கள் கருவியின் எல்லை. அயர்லாந்து மெட்டுகள் பலவும் டி மேஜரில் இருக்கும். அதற்கு வேண்டிய எஃப் ஷார்ப் உங்கள் ஜி வரிசையில் உண்டு, சி ஷார்ப் எங்கும் கிடையாது. 30 பொத்தான் கருவிகளில் மூன்றாவது வரிசையில் அது வந்துவிடும். எனவே ஒரு சுரம் மட்டும் அகப்படாமல் போனால் உங்கள் கை மேல் சந்தேகப்படாதீர்கள், அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த சுரத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். மிகப் பழைய கருவி ஒன்று உங்களோடு சுருதி சேராவிட்டாலும் பதற வேண்டாம். அந்தக் காலத்தில் பலவற்றை இன்றைய பொது அளவைவிட (ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ்) உயர்ந்த சுருதியில் செய்தார்கள்.

தெரியாத மெட்டு வந்தால் முதல் சுற்றில் கேளுங்கள், அவ்வளவுதான். நடன மெட்டு பெரும்பாலும் எட்டு எட்டு பார் (தாளத்தின் ஓர் அளவு) கொண்ட இரண்டு பகுதி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்து, முழு மெட்டையும் மறுபடி தொடங்குவார்கள். இரண்டாம் சுற்றில் தாளம் விழும் இடத்துச் சுரத்தை மட்டும் பிடியுங்கள். ஒருவர் மெட்டு சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் ஓரமாகக்கூட எதையும் வாசித்துப் பார்க்காதீர்கள், அது எல்லோருக்கும் தொல்லை. அடுத்தவர் கருவியைக் கேட்காமல் எடுக்கவும் கூடாது. பதிவு செய்வதற்கும் அனுமதி வாங்குங்கள், வாங்கியபின் தாராளமாகப் பதிவு செய்யுங்கள்.

மூடிய அறைக்குள் பல கான்சர்டினாக்கள் சேர்ந்தால் சத்தம் காதைத் துளைக்கும். முதல் நாளே மாலைவரை வாசித்தால் மறுநாள் மணிக்கட்டு வலிக்கும். நடுநடுவே எழுந்து வெளியே போய்வாருங்கள். அப்போது கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள்.

அப்புறம், திணறுவேனோ என்ற பயம். எப்போதாவது உங்கள் பக்கம் திரும்பி, "ஒன்று தொடங்குங்களேன்" என்பார்கள். அந்த ஐந்தில் கை நன்றாகப் பழகியதை எடுத்து, வீட்டில் வாசிக்கும் அதே வேகத்தில் தொடங்குங்கள். இந்தக் கூட்டங்களில் தொடங்குபவர் வைப்பதுதான் வேகம்; மற்றவர்கள் அதற்கு இறங்கி வருவார்கள்.