‘அது வேறு கதை’ என்று ஏன் தள்ளினீர்கள்?

கேள்வி: இரண்டு வருடங்களாக வலைப்பூ எழுதுகிறேன். குடும்பம், உடல்நலம், அனுபவம் என்று கலந்து எழுதுவேன். படிப்பவர்கள் ‘பயனுள்ள பதிவு’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கல்லூரித் தோழி ஒருத்தி மட்டும், “இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே, இதில் நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிப் பார்த்தேன். பேச்சுத் தமிழில் எழுதிப் பார்த்தேன். வாசகரிடம் கேள்வி கேட்டு முடித்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. போன மாதம் சுத்தமாக எழுதவே முடியவில்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். சொட்டு மருந்து போடுவது என் வேலை. நான் பாட்டிலைத் தூக்கினாலே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறப்பார்! படிக்க முடியவில்லை, பொழுது போகவில்லை என்று நாள் முழுக்க நச்சரிப்பு வேறு. அண்ணன் பணம் அனுப்புவதோடு சரி. அது வேறு கதை, விடுங்கள். எனக்கென்று ஒரு நடையை எப்படி உருவாக்கிக்கொள்வது? தினமும் எவ்வளவு எழுதிப் பழக வேண்டும்? ஆபரேஷனுக்கு முந்தின வாரம் போட்ட பதிவை மாதிரிக்கு இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் இணைத்த பதிவின் தலைப்பு ‘முதுமையும் கண் பராமரிப்பும்’. அதன் முதல் வரி இது: ‘இன்றைய காலகட்டத்தில் முதியோரின் கண் நலனைப் பேணுதல் என்பது நாம் அனைவரும் கவனம் செலுத்த வேண்டிய மிக முக்கியமான ஒன்றாகும்.’ கடிதத்தில் நீங்கள் எழுதிய வரி இது: ‘நான் பாட்டிலைத் தூக்கினாலே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறப்பார்!’

இரண்டையும் ஒருவர்தான் எழுதினார் என்று சொன்னால் உங்கள் தோழி நம்புவாரா?

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. எழுத எழுத நடை தானாக வரும், மனம் தளராதீர்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் எழுதியும் வராதது, அதே மாதிரி இன்னும் இரண்டு வருடம் எழுதினாலும் வராது. தினமும் எவ்வளவு எழுத வேண்டும் என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் உங்கள் பிரச்சினை அளவில் இல்லை. ‘அது வேறு கதை, விடுங்கள்’ என்றீர்களே, அங்கே இருக்கிறது. அதை நான் விடப்போவதில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த வாரம் உங்கள் வீடு எப்படி இருந்திருக்கும்? கண்ணில் கத்தி வைக்கப்போகிறார்கள் என்று ஒரு வயதான பெண் பயந்துகொண்டிருந்திருப்பார். பயம் இல்லை என்று சொல்லிக்கொண்டே பத்து தடவை டாக்டர் சொன்னதைத் திருப்பிக் கேட்டிருப்பார். அதே கூரையின் கீழ் மகள் உட்கார்ந்து முதியோரின் கண் நலன் பற்றிப் பதிவு எழுதுகிறார். பதிவு முழுக்கத் தேடினேன். அதில் அம்மா இல்லை, நீங்கள் இல்லை, வீடு இல்லை. ‘முதியோர்’ இருக்கிறார்கள், ‘நாம் அனைவரும்’ இருக்கிறோம். தோழி கேட்டது நியாயமான கேள்வி. தூக்கம் கெட்டதும் நல்லதுதான்.

‘போன மாதம் சுத்தமாக எழுதவே முடியவில்லை’ என்ற வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஒரு மாதம் உங்கள் கணக்கில் வீணாய்ப்போன மாதம். பெற்றவளுக்கு மருந்து போடுவது எழுத்துக்கு நேர்ந்த இடைஞ்சல் என்று நினைக்கிறீர்கள். அந்த வேலையை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ‘வாழ்க்கை அனுபவம்’ எழுதலாம் என்று உட்காருகிறீர்கள். எந்த வாழ்க்கை? அது அப்போதுதானே பக்கத்து அறையில் நடந்து முடிந்தது?

கண்புரை ஆபரேஷன் முடிந்தால் வாரக்கணக்கில் சொட்டு மருந்து உண்டு. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டில் கொடுப்பார்கள். ஒன்றைப் போட்டதும் அடுத்ததைப் போட்டால் முதல் மருந்து வழிந்து போய்விடும் என்பதால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். அந்த ஐந்து நிமிடம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அம்மா கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், நீங்கள் அடுத்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறீர்கள். கண்ணை மூடியிருக்கும் மனிதர்கள் வழக்கமாகப் பேசாததையெல்லாம் பேசுவார்கள். என்ன பேசினார்? இல்லை, போனை எடுத்து எத்தனை பேர் பதிவைப் படித்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா? இதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். உங்களுக்கே தெரிந்தால் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஒழுங்காகக் கவனித்தவரிடம் நடை எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வாயைத் திறப்பார் என்பதைப் பார்த்தது உங்கள் கண். அந்த வரியில் அம்மாவின் பயம் இருக்கிறது, இத்தனை வருடம் மருந்து என்றால் வாயைத் திறந்து பழகிய உடம்பின் பழக்கம் இருக்கிறது, அதைப் பார்த்துச் சிரித்த மகளின் பிரியமும் இருக்கிறது. அதில் நீங்கள் ஒரு உத்தியையும் கையாளவில்லை. என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான். பதிவு என்று உட்கார்ந்ததும் ஆள் மாறிவிடுகிறீர்கள். பள்ளியில் கட்டுரைக்கு மதிப்பெண் வாங்கிய பெண் எழுந்து வந்து பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறாள். ‘என்பது’ என்று தொடங்கி ‘ஆகும்’ என்று முடிப்பது அவள்தான்.

கொஞ்சம் இலக்கணமும் பேசலாம், ஏனென்றால் தமிழில் ஒருவர் பேச்சின் சாயல் பெரிய சொற்களில் இருப்பதில்லை. பின்னால் ஒட்டும் சின்னச் சின்னத் துணுக்குகளில் இருக்கிறது: தான், கூட, ஆவது, ஏ, ஆம். ‘வந்தார்’ என்றால் வந்தார், அவ்வளவுதான். ‘வந்தாராம்’ என்றால் நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்பதும் சேர்ந்து வந்துவிடுகிறது. ‘அவர்தான் வந்தார்’, ‘அவர்கூட வந்தார்’, ‘அவராவது வந்தார்’ மூன்றும் மூன்று வேறு மனநிலை. ஒவ்வொன்றிலும் சொல்பவரின் முகம் தெரிகிறது. உங்கள் கடிதத்தில் இவை தாராளமாக இருக்கின்றன. ‘தூக்கினாலே’ என்றீர்கள். அந்த ஒரு ஏகாரத்தில் ஒரு மாத அலுப்பு முழுவதும் இருக்கிறது. ‘நச்சரிப்பு வேறு’ என்றீர்கள். அந்த ‘வேறு’ என்ற சொல் எனக்கு உங்கள் குரலாகவே கேட்டது. பதிவை எடுத்துப் பாருங்கள். முதலிலிருந்து கடைசிவரை இப்படி ஒன்றுகூட இல்லை. திருத்தும்போது ‘இலக்கியமாக’ இருக்கட்டும் என்று நீங்களே பொறுக்கி எறிந்திருப்பீர்கள்.

‘படு’ ஒட்டிய வினைகளும் அப்படியே. ‘பராமரிக்கப்பட வேண்டும்’, ‘உணரப்பட வேண்டும்’ என்கிறீர்கள். யார் பராமரிப்பது? யார் உணர்வது? தமிழ் வினைமுற்று, செய்தவர் யார் என்பதைத் தன் வாலிலேயே வைத்திருக்கிறது. ‘போட்டேன்’ என்றால் நான் என்று தனியாகச் சொல்லக்கூடத் தேவையில்லை. அப்படி ஒரு வசதி இருக்கும் மொழியில் எழுதிக்கொண்டு, ஆளே தெரியாமல் மறைந்துகொள்ள இவ்வளவு பாடுபடுகிறீர்கள்.

பேச்சுத் தமிழில் எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை என்கிறீர்கள். ஒட்டாதுதான். ‘முதியோர்களோட கண்ண நாம நல்லா பாத்துக்கணும்’ என்று எழுதினாலும் அது அதே பழைய வாக்கியம்தான், உச்சரிப்பு மட்டும் மாறியிருக்கிறது. சொல்ல ஒன்றும் இல்லாத வாக்கியம் எந்தத் தமிழிலும் வெறுமையாகத்தான் இருக்கும். கதைசொல்லலை எழுத்துத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பேசும் இடத்தில் அவர் எப்படிப் பேசினாரோ அப்படியே விடுங்கள். அது போதும். வாசகரிடம் கேள்வி கேட்டு முடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பதில் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டா கேட்கிறீர்கள்?

இன்னொன்று. 1999ல் ப்ளாகர் போன்ற வலைப்பூச் சேவைகள் வந்து, கணினி நிரல் தெரியாதவர்களும் எழுதலாம் என்று ஆனபோது, இந்த எழுத்துக்கென்று ஓர் அடையாளம் நிலைத்தது: ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, புதியது மேலே. இந்தத் தேதியில் இந்த மனிதர் சொல்கிறார் என்பதுதான் அதன் அழகே. தலைக்கு மேல் தேதி இருக்கும்போது ‘இன்றைய காலகட்டத்தில்’ எதற்கு? உங்கள் பதிவிலிருந்து தேதியை அழித்துவிட்டால் அது எந்த வருடத்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. சொட்டு மருந்து வரியில் தேதி இல்லாவிட்டாலும் ஒரு நாள் இருக்கிறது.

தகவல் எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழ் இமையை லேசாக இழுத்தால் சின்னப் பள்ளம் கிடைக்கும், அதில் ஒரு சொட்டு விட்டால் போதும், பாட்டிலின் முனை கண்ணில் படக்கூடாது. இதைத் தெரிந்துகொள்ள விரும்பும் மகள்களும் மகன்களும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் வாயைத் திறக்கும் ஒரு அம்மாவுக்கு இதைச் செய்து காட்டியவர் சொன்னால் அவர்கள் நின்று கேட்பார்கள். முதல் நாள் சொட்டு கன்னத்தில் விழுந்தது, மூன்றாவது நாள்தான் கை பழகியது என்று சொல்லுங்கள். அந்தத் தகவல் அப்போது அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்.

சரி, என்ன செய்வது என்று கேட்பீர்கள். அம்மாவுக்குப் பொழுது போகவில்லை, படிக்க முடியவில்லை. அதை நச்சரிப்பு என்கிறீர்கள். படிப்பதற்கு ஆள் இல்லை என்று நீங்கள் வெளியே தேடிக்கொண்டிருக்கிறீர்கள். கேட்பதற்கு ஒருவர் வீட்டுக்குள் ஏங்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே புரியும்’ என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவருக்குப் புரியாத தமிழை யாருக்காக எழுதுகிறீர்கள்? நீங்கள் வாசிக்கும்போது அவர் எந்த இடத்தில் “தண்ணி குடிச்சியா?” என்று வேறு பேச்சு எடுக்கிறாரோ, அந்த இடத்தில் பதிவு செத்துவிட்டது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் “அப்புறம்?” என்கிறாரோ, அதற்கு முந்தின நாலு வரியைத் தொடாதீர்கள். எந்த இடத்தில் “அப்படியா நடந்தது? இல்லையே” என்று மறுக்கிறாரோ, அங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் தவறவிட்டதை அவர் பிடித்து வைத்திருப்பார்.

வாசிக்கும்போது உங்கள் வாய்க்கே கூச்சமாக இருக்கும் வரிகள் வரும். ‘மிக முக்கியமான ஒன்றாகும்’ என்று பெற்ற தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முடியாதவற்றை அடியுங்கள்.

இதில் ஒரு கண்டிப்பும் உண்டு. அம்மாவைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். மகள்தானே என்பது அனுமதி ஆகாது. வாயைத் திறந்த கதையை ஊர் படித்துச் சிரிக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். “சீ, அதையெல்லாம் எழுதாதே” என்றால் எழுதக்கூடாது, எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் சரி. அவர் உடம்பு, அவர் பயம், அவர் மானம் எதுவும் உங்கள் பதிவுக்கான சரக்கு இல்லை. அனுமதி கிடைத்தாலும் சிரிப்பில் நீங்களும் சேர்ந்து மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பயந்த கிழவியையும் சாமர்த்தியமான மகளையும் காட்டுகிற பதிவு எனக்கு வேண்டாம். அந்தப் பாட்டிலைப் பிடித்த கை நடுங்கவே இல்லையா?

அண்ணனைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினீர்கள். பணம் அனுப்புவதோடு சரி. அடுத்த பதிவு அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மனதில் கொதிப்பது எல்லாம் நடையோடுதான் வெளியே வரும், படிப்பவர்களும் கூடுவார்கள், ‘எங்கள் வீட்டிலும் இப்படித்தான்’ என்று வரிசையாக வந்து சொல்வார்கள். அதை எழுதக்கூடாது. கூடப்பிறந்தவனிடம் முகத்துக்கு நேரே சொல்லாததை ஊருக்குச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. அவர் செய்வது தப்பு. பணம் வைத்தியருக்குப் போகும், அம்மாவுக்கு மகன் குரல் வேண்டும். ஆனால் அதை அவரிடம் யார் சொன்னது? ‘நீ அனுப்புவது வந்துவிட்டது, அம்மா உன்னோடு பேச வேண்டும் என்கிறார், எந்த நாள் வருகிறாய்’ என்று நீங்கள் எப்போதாவது கேட்டீர்களா, இல்லை அவராகப் புரிந்துகொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டு கொதித்தீர்களா? அடுத்த பதிவில் உட்காருவதற்கு முன்னால் அவருக்குப் போன் போடுங்கள். அம்மாவுக்கு மருந்து போடும் நேரமாகப் பார்த்துப் போடுங்கள், அந்த ஐந்து நிமிடம் அவர் அம்மாவோடு பேசட்டும்.