நல்ல பாகங்களாக வாங்கிப் போட்டு வீட்டிலேயே ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் செய்தால் கடையில் வாங்குவதைவிட நன்றாக இருக்குமா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு என் மச்சானின் ஹெட்போன்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

லேப்டாப்பில் பாட்டு கேட்கிறேன், 32 ஓம் (மின் தடையின் அளவு) ஹெட்போன், கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது, அதில் பெரும்பகுதியை நல்ல ஆப்-ஆம்ப் ஐசிக்கும் (சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் சின்ன சிப்) இறக்குமதி கெபாசிட்டருக்கும் ஒதுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாலைந்து வீடியோ பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றிலும் ஒருவர் ஐசியைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகிவிட்டு, திரை விலகியது போல இருக்கிறது என்று சொல்லியிருப்பார். நானும் அப்படிப் பார்த்துத்தான் இதில் இறங்கினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்ஜினியர் இல்லை. 2003-இல் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு இப்போது மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். தப்பு இருந்தால் பின்னூட்டத்தில் திருத்துங்கள், நன்றியோடு வாங்கிக்கொள்கிறேன். மல்டிமீட்டரை வைத்து இசையை அளக்க முடியுமா என்று மட்டும் யாரும் வரவேண்டாம். அந்தச் சண்டையெல்லாம் போட்டு ஓய்ந்தாகிவிட்டது.

நான் முதலில் செய்தது சிமோய். சூ மோய் என்பவர் தொண்ணூறுகளின் கடைசியில் வெளியிட்ட சின்ன சர்க்யூட். இரட்டை ஆப்-ஆம்ப் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி ஒன்று, ஒரு பிடி ரெசிஸ்டர், கெபாசிட்டர், அவ்வளவுதான். இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் பேட்டரியைப் பாதியாகப் பிரித்து நடுவில் ஒரு பூஜ்ய வோல்ட் புள்ளியை உண்டாக்கும். அமெரிக்காவில் மின்ட் மிட்டாய் தகர டப்பாவில் அடைப்பார்கள். நான் பையனுடைய பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் அடைத்தேன். காம்பஸ் படுத்திருந்த இடத்தில் பேட்டரி அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

ஆப்-ஆம்புக்கு நான் எடுத்துக்கொண்டது 5532 என்ற நம்பர். சென்னை ரிச்சி தெருவில் சாமான் வாங்கப் போனபோது "5532 எத்தனை சார்?" என்றார் கடைக்காரர். "ரெண்டு" என்றேன். "ரெண்டு டியூபா?" என்றார், ஐசிகளை வரிசையாக அடுக்கி வரும் பிளாஸ்டிக் குழாய் அது. இரண்டே இரண்டு என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாலாக வாங்கிக்கொண்டேன். ஒன்று இருபது ரூபாய்.

அது பாடியது. நிஜமாகவே நன்றாகப் பாடியது. ஒரே குறை, வால்யூமைக் கால்வாசி திருப்புவதற்குள் காதைப் பிளந்தது. காரணம் இரண்டு. மூல சர்க்யூட்டில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்து பதினோரு மடங்கு பெருக்கும், இன்றைய லேப்டாப்புக்கு அது ரொம்ப அதிகம். 10 கிலோவை எடுத்துவிட்டு 2.2 கிலோ போட்டால் மூன்று மடங்கு சொச்சம்தான் வரும், அது தாராளம். இரண்டாவது, கடையில் லாக் என்று கேட்காமல் வெறுமனே வால்யூம் கண்ட்ரோல் என்று கேட்டதால் லீனியர் கொடுத்துவிட்டார்கள். காது ஏற்றுக்கொள்கிற மாதிரி சீராக ஏற வேண்டுமென்றால் லாக்தான் வேண்டும். அடுத்த வாரமே போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

அங்கேயே நின்றிருக்கலாம். 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று ஒரு சாக்கு கிடைத்தது, கரண்டில் ஓடுகிற மாதிரி பெரிதாக ஒன்று செய்வோம் என்று கிளம்பினேன். 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மர், நாலு 4007 டயோடு, வோல்ட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் ரெகுலேட்டர் ஐசி இரண்டு: ப்ளஸ் 12-க்கு 7812, மைனஸ் 12-க்கு 7912. இது எந்த டிப்ளமோ பையனும் தூக்கத்தில் வரைகிற சர்க்யூட்.

அந்தச் சமயம் பார்த்து மச்சான் அபுதாபியிலிருந்து லீவில் வந்திருந்தார். அவர் கையில் 250 ஓம் ஜெர்மன் ஹெட்போன் ஒன்று. "மாப்ளே, இதை ஃபோன்ல போட்டா முனகுது, உங்க டப்பாவுல போட்டுப் பாருங்க" என்று கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்ந்தார். ஆப்-ஆம்புக்குக் கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் சப்ளையின் ப்ளஸ் பக்கம் மீட்டர் வைத்தேன், 12 காட்டியது. மைனஸ் பக்கம் வைக்கவில்லை. அது இப்படியே திருப்பிப் போட்டதுதானே என்று ஒரு நினைப்பு.

ஜாக்கைச் செருகினேன். டப் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. பாட்டு ஓடவில்லையோ என்று லேப்டாப்பைப் பார்த்தேன். ஒயரை ஆட்டிப் பார்த்தேன். வால்யூமைக் கூட்டினேன். இப்படியே பத்து நிமிடம் போயிருக்கும். கருகல் வாடை வந்தது. "என்னம்மா தீயுது?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டேன். "இங்க அடுப்பே பத்த வைக்கல, உங்க பக்கம் பாருங்க" என்று பதில் வந்தது. குனிந்து 7912-ஐத் தொட்டேன். விரல் நுனியில் அதன் உலோக முதுகின் ஓரம் கோடாகப் பதிந்துவிட்டது.

இரண்டு ஐசியும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எழுத்து நம் பக்கம் பார்க்கப் பிடித்தால் 7812-க்கு இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7912-க்கு கிரவுண்ட், இன்புட், அவுட்புட். நான் இரண்டையும் ஒரே மாதிரி வைத்து ஈயம் வைத்துவிட்டேன். மைனஸ் சப்ளை செத்துப்போனதால் ஆப்-ஆம்பின் அவுட்புட் ப்ளஸ் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. பூஜ்யமாக இருக்கவேண்டிய இடத்தில் மீட்டர் பத்து வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அத்தனையும் டிசி, அதாவது பாட்டு மாதிரி ஏறி இறங்காமல் ஒரே பக்கமாக நிற்கும் மின்சாரம். பத்து நிமிடமாக அது மச்சானின் ஹெட்போன் காயில் வழியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இடது பக்கம் போயே போய்விட்டது. வலது பக்கம் கரகரவென்று பிழைத்துக் கிடந்தது.

சரி, பட்டாவது புத்தி வந்ததா என்றால் இல்லை. அடுத்த வாரம் புது 7912 வாங்கி, அதன் கால்களை எல்லாம் சரிபார்த்து வைத்து, இரண்டையும் ஒரே அலுமினியத் தகட்டில் ஒரே போல்ட்டில் முறுக்கினேன். 7812-இன் முதுகு கிரவுண்ட். 7912-இன் முதுகு இன்புட். நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வைக்காமல் இரண்டையும் உலோகத்தோடு உலோகமாக இறுக்கினால் என்ன ஆகும்? இந்த முறை ஃபியூஸ் போட்டிருந்தேன், அதுதான் காப்பாற்றியது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் கேள்வியில் பவர் சப்ளை பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஹெட்போனைச் செருகுவதற்கு முன் இடது, வலது இரண்டு அவுட்புட்டிலும் மீட்டரை வைத்து டிசி பாருங்கள். சில மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. வோல்ட் கணக்கில் இருந்தால் செருகாதீர்கள், உங்களுடையதாக இருந்தாலும் சரி, மச்சானுடையதாக இருந்தாலும் சரி.

இனி நீங்கள் கேட்ட "உயர்தர ஐசி" விஷயம். ஓபிஏ2134 என்று ஒன்று இருக்கிறது, பர்-பிரவுன் கம்பெனி வழியில் வந்தது, இந்த வேலைக்குப் பேர் போனது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் 90 ரூபாய்க்குக் கிடைத்தது. நம்பகமான இடங்களில் அப்போது அதுபோல நாலு மடங்கு விலை. அதிர்ஷ்டம் என்று நினைத்து வாங்கிவந்தேன். கேட்டால் அற்புதமாக இருந்தது, நண்பர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டுச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து வேறு எதற்கோ இன்புட்டில் இருக்கும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் மேல் மீட்டர் வைத்தபோது மைனஸ் 18 மில்லிவோல்ட் காட்டியது. 2134-க்கு உள்ளே இருப்பது ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இன்புட், அது இழுக்கிற கரண்ட் பைக்கோ ஆம்பியர் கணக்கு, என் மீட்டர் பூஜ்யம்தான் காட்டவேண்டும். 18 மில்லிவோல்ட் என்றால் சுமார் 180 நானோ ஆம்பியர். அது 5532 மாதிரியான பைபோலார் (இன்னொரு வகை டிரான்சிஸ்டர்) சரக்கு இழுக்கிற அளவு. மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு ஐசியின் மேல் தேய்த்தேன். எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. இருபது ரூபாய்ச் சரக்கைச் சுரண்டிப் பெயர் மாற்றி 90 ரூபாய்க்குத் தலையில் கட்டியிருக்கிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் எவனோ கட்டியிருப்பான்.

எனக்கு வலித்தது காசு இல்லை. ஒரு மாதம் அந்தப் போலியைக் கேட்டு நான் புல்லரித்திருக்கிறேனே, அதுதான்.

அதனால் ஒழுங்காக விலை கொடுத்து அசல் 2134 ஒன்று தருவித்து, பத்தாவது படிக்கும் பையனை உட்காரவைத்தேன். நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன், அவன் ஐசியைச் செருகும் பேஸில் 5532-வோ 2134-வோ ஏதோ ஒன்றைச் செருகிவிட்டுக் கூப்பிடுவான், நான் கேட்டுவிட்டு எது என்று எழுதவேண்டும். பத்து முறை செய்தோம். ஐந்து சரி, ஐந்து தப்பு. அதுகூடப் போகட்டும். கடைசி நாலு முறை அவன் ஐசியை மாற்றவே இல்லையாம், அலுப்பில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறான். அந்த நாலுக்கும் நான் நோட்டில் எழுதியிருந்தவை: "மேல் சுரம் விரிகிறது", "கொஞ்சம் மூடிய மாதிரி", "பேஸ் கிடார் தெளிவு", "இதுதான் 2134, சந்தேகமே இல்லை".

இது விஞ்ஞானச் சோதனை இல்லை என்று சொல்ல வருவீர்கள், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, மேல் ஸ்தாயி காது போயிருக்கும் என்பீர்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். 5532 எழுபதுகளின் இறுதியில் வந்த ஐசி. எத்தனையோ ஸ்டூடியோ மிக்ஸர்களுக்குள் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கேட்கும் எண்பதுகளின் பாட்டு உங்கள் காதுக்கு வருவதற்கு முன்பே ஒரு டஜன் 5532-க்குள் புகுந்து வந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. கடைசியாக ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுத் திரை விலகியது என்றால் என்ன சொல்ல?

எனக்கு உண்மையில் வித்தியாசம் தெரிந்த இடம் எர்த். புது ஆம்ப்பில் எப்போதும் உம்ம்ம் என்று ஒரு ரீங்காரம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் பாதி குறையும், டப்பாவைக் கையால் தொட்டால் மாறும். ட்ரான்ஸ்ஃபார்மரைத் தனி டப்பாவுக்கு மாற்றினேன், கிரவுண்ட் ஒயர் எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தேன், ஐசியின் கால் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தேன். குறைந்தது, போகவில்லை. கடைசியில் ஒரு நாள் பல்ப் ஹோல்டரை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்துப் பார்த்தேன். எரியவில்லை. வீடு முழுக்க மூன்று ஓட்டை ப்ளக் பாயின்ட், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே கிடையாது.

ஹவுஸ் ஓனரிடம் சொன்னேன். "இருபது வருஷமா எத்தனையோ பேர் குடியிருந்தாங்க, யாருக்கும் ஷாக் அடிக்கலையே" என்றார். ஷாக் அடித்தவன் வந்து புகார் சொல்லவா போகிறான்? நானே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் போர்டிலிருந்து ஹாலுக்கு ஒரு எர்த் ஒயர் இழுத்தேன், 650 ரூபாய். ரீங்காரம் நின்றது, ஃப்ரிட்ஜைத் தொட்டால் கை கூசுவதும் நின்றது. இரண்டு வருடம் கழித்து வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸில் பெயின்டிங்குக்கு என்று 18,000 பிடித்தார். நாங்கள் வந்த நாளில் சுவர் எப்படி இருந்ததோ அதைவிட மோசமாக ஒன்றும் வைக்கவில்லை, ஃபோட்டோ இருக்கிறது. அதோடு, அனுமதி இல்லாமல் சுவரில் ஒயர் அடித்ததற்கு 500. அவர் வீட்டுக்கு நான் எர்த் போட்டுக்கொடுத்து, அதற்கு அபராதமும் கட்டியிருக்கிறேன். சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் எங்கேயாவது எழுதவேண்டும் என்று இருந்தது.

உங்கள் 32 ஓம் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வோல்ட் பெரிதாக வேண்டாம், கரண்ட் வேண்டும். 5532 ஒரு பக்கத்துக்கு (ஒரு காதுக்கு) 38 மில்லி ஆம்பியர் பக்கம் வந்ததும் கையை விரித்துவிடும். அதே கால் அமைப்பில் 4556 கிடைக்கிறது, அது 70 வரை தரும். 2011-இல் பெயர் சொல்லாத ஒருவர் ஓ2 என்ற ஆம்ப்பை அளவு, வரைபடம் எல்லாவற்றோடும் இலவசமாக வெளியிட்டார். அதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்த 4556 ஒன்றை வைத்து, அதற்குள் இருக்கும் இரண்டு ஆப்-ஆம்பையும் ஜோடி சேர்த்திருப்பார். அடுத்த வருடமே ஆள் காணாமல் போய்விட்டார், சர்க்யூட் மட்டும் நிற்கிறது. அதைச் செய்யுங்கள். இன்னொன்று, அவுட்புட்டில் பாதுகாப்புக்கு என்று பெரிய ரெசிஸ்டர் போடாதீர்கள். ஆம்ப்பின் தடை ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும், உங்களுக்கு 4 ஓம். காசு மிச்சமிருந்தால் நல்ல ஆல்ப்ஸ் கம்பெனி வால்யூம் கண்ட்ரோல் வாங்குங்கள். மலிவானதில் சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஒரு காதில் கூடவும் ஒரு காதில் குறைவாகவும் கேட்கும், அதற்குச் சோதனையே தேவையில்லை.

செலவு கேட்டீர்கள். என் ஆம்ப்புக்கு, கேபினெட்டோடு, 2,900 ரூபாய். மச்சானுக்குப் புது ஹெட்போன் 14,000. "எதுக்கு மாப்ளே புதுசு" என்று கேட்டார், சர்வீஸில் மாற்றிக்கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பழையது என்னிடம்தான் இருக்கிறது. புதிதாக எது செய்தாலும் முதலில் அதைத்தான் செருகுவேன், வலது காதில் மட்டும்.